மன்னிப்பா, ஷஹீத் பதவியா? இப்னு தாவூதின் மரணப்படுக்கை உரையாடலும் ஆண்–ஆண் காதல் பற்றிய ஃபிக்ஹ் பார்வையும்

பக்தாத் நகரில் ளாஹிரி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) தலைவராக இருந்த முஹம்மத் இப்னு தாவூத் ஹிஜ்ரி 297இல் (பொ.ஆ. 909–10) இறந்தார். முஹம்மத் இப்னு ஜாமிஃ என்ற ஆணின் மீது கொண்ட காதலே அவர் உயிரை வாங்கியது என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். மரணப்படுக்கையில் அவரும் அதையே சொன்னதாகச் செய்தி உண்டு. இஸ்லாமியப் பண்பாட்டில் தன்பால் காதல் எப்படிப் பார்க்கப்பட்டது என்று ஆராய்பவர்கள் இந்த மரணத்தைத் தவறாமல் எடுத்துப் பேசுகிறார்கள். பேசும்போது பலர் பிரெஞ்சு அறிஞர் லூயி மஸ்ஸிஞோன் 1922இல் போட்டுவைத்த தடத்திலேயே நடக்கிறார்கள். அந்தத் தடம் நம்மைக் கவிஞர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நாம் போக வேண்டிய இடமோ நீதிபதியின் சபை. இப்னு தாவூதின் மரணம் காதல் தத்துவத்தின் ஒரு காட்சி மட்டுமன்று; அடிப்படையில் அது ஒரு ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) விவாதம். அப்படிப் படித்தால்தான் பின்வந்த ஐந்நூறு ஆண்டுச் சச்சரவு எதைப் பற்றியது என்பது விளங்கும்.

மஸ்ஸிஞோன் ஸூஃபி ஹல்லாஜைப் பற்றி எழுதிய பெருநூலில் இப்னு தாவூதை ஹல்லாஜுக்கு எதிர்முனையாக நிறுத்தினார். இதற்கு நல்ல காரணம் இருந்தது. ஹல்லாஜ் 922இல் கொல்லப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர் இப்னு தாவூத். மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே காதல் கூடும் என்றார் ஹல்லாஜ்; கூடாது என்றார் இப்னு தாவூத். இந்த மோதலிலிருந்து மஸ்ஸிஞோன் இரண்டு காதல்களை வரைந்தெடுத்தார். ஒன்று இறைவனை நோக்கி ஏறும் காதல். மற்றொன்று மனிதனிடமே தொடங்கி மனிதனிடமே முடியும் காதல்: அது விதியாக வந்து விழும் நோய், அதற்கு மருந்து தேடக் கூடாது, ஆசை ஆசையாகவே நீடிக்க வேண்டும் என்பதற்காகவே காதலன் தன்னைத் தடுத்துக்கொள்கிறான். இந்த இரண்டாவதற்கு முறையான வடிவம் கொடுத்தவர் இப்னு தாவூத் என்றும், அதன் வேர் கிரேக்கத் தத்துவத்திலும் தூய காதலைப் பாடிய உத்ரீ கவிஞர்களின் மரபிலும் இருக்கிறது என்றும் மஸ்ஸிஞோன் கொண்டார். ஆக, இப்னு தாவூதின் ஒழுக்கம் மார்க்கத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அழகுணர்விலிருந்து வந்ததாகத் தெரிகிறது.

இந்த வாசிப்புக்குச் சான்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இப்னு தாவூதின் நூலான ஸஹ்ராவில் கிரேக்க வாடை இருக்கிறது. உயிர்கள் ஆதியில் உருண்டையாகப் படைக்கப்பட்டு இரண்டாகப் பிளக்கப்பட்டன, ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடுகிறது என்ற கதையை அவர் எடுத்துச் சொல்கிறார். ஆனால் அதைத் தத்துவவாதிகள் சிலர் கூறுவது என்ற அளவில்தான் சொல்கிறார். தம் கொள்கையாக அறிவிக்கவில்லை. மஸ்ஸிஞோனுக்கு இதைவிட வலுவான சான்று எட்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது. நயமுள்ளவன் ஒழுக்கமுள்ளவனாகவும் இருக்கட்டும் என்பது அந்த அத்தியாயத்தின் தலைப்புக் கருத்து. காதலர் இருவரும் உடலின்பத்தை விலக்கிக்கொள்வது ஒருவர் மீது மற்றவர் வைத்த அன்பு குன்றாமல் நிலைப்பதற்காகவும் கடமையாகும் என்று அங்கே எழுதுகிறார் இப்னு தாவூத். ஆசையை நீட்டிப்பதற்காகத் துறவு என்ற மஸ்ஸிஞோனின் சூத்திரம் முழுவதும் இந்த இடத்தின் மீதுதான் நிற்கிறது.

அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அது ஒரு நிபந்தனை வாக்கியம். அந்தச் செயல் சட்டங்களில் விலக்கப்படாமலும், மனித இயல்புக்கு அருவருப்பாகத் தோன்றாமலும் இருந்திருந்தால்கூட, அன்பைக் காப்பதற்காகவாவது அதைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதே அதன் பொருள். அதாவது சட்டத் தடை இருக்கிறது என்பதை எழுதுபவரும் படிப்பவரும் ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்கு மேலாக ஒரு துணைக் காரணம் சொல்லப்படுகிறது. ஃபிக்ஹ் நூல்களில் பழக்கப்பட்டவர்களுக்கு இந்த நடை புதிதன்று; முதன்மை ஆதாரம் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் முடிவு மாறாது என்று காட்டும் வாத முறை அது. மஸ்ஸிஞோன் துணைக் காரணத்தை முதன்மையாக்கிவிட்டு, முதன்மையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார். அவர் எழுதிய காலத்தில் ஸஹ்ரா அச்சில் இல்லை. நைகலும் இப்ராஹீம் தூகானும் அதன் முதல் பாதியைச் சிக்காகோவில் பதிப்பித்தது 1932இல். எனவே வேகமாகப் படித்துவிட்டார் என்று குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் பதிப்பு வந்த பிறகும் அவர் வாசிப்பை அப்படியே சுமந்துகொண்டிருப்பதற்கு நியாயமில்லை.

அதே எட்டாவது அத்தியாயத்தில், இந்த வாக்கியத்துக்குச் சற்று முன்பாக, ஒரு ஹதீஸ் இருக்கிறது. இப்னு தாவூத் தம் தந்தை தாவூத் இப்னு அலீயிடமிருந்தும், அவர் ஸுவைத் இப்னு ஸயீதிடமிருந்தும், அவர் அலீ இப்னு முஸ்ஹிரிடமிருந்தும், அப்படியே அபூ யஹ்யா அல்கத்தாத், முஜாஹித், இப்னு அப்பாஸ் என்று தொடர் நபியவர்களைச் சென்று சேர்கிறது. காதல்கொண்டு, ஒழுக்கம் காத்து, அதை மறைத்து, அந்நிலையிலேயே இறப்பவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) ஆவார் என்பது செய்தி. ஓர் அத்தியாயத்தின் வாசலிலேயே ஹதீஸை முழு அறிவிப்பாளர் தொடரோடு நிறுத்திவைப்பவரை அழகியல்வாதி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ளாஹிரிகளுக்கு நபிமொழியின் வெளிப்படையான வாசகமே சட்டத்தின் உயிர்.

இனி மரணப்படுக்கைக்கு வருவோம். இந்தச் செய்தியைச் சொன்னவர் நண்பரும் இலக்கண அறிஞருமான நிஃப்தவைஹி (இ. 935). நமக்கு அது கதீப் அல்பக்தாதியின் (இ. 1071) தாரீகு பக்தாத் வழியாகக் கிடைக்கிறது. நலம் விசாரிக்க வந்த நிஃப்தவைஹியிடம், நீ அறிந்த அந்த மனிதர் மீதான காதலே என்னை இந்நிலைக்குக் கொண்டுவந்தது என்கிறார் இப்னு தாவூத். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவரை அனுபவிக்க உனக்கு என்ன தடை என்று நண்பர் கேட்கிறார். அனுபவம் இரண்டு வகை, ஆகுமான பார்வை ஒன்று, விலக்கப்பட்ட இன்பம் ஒன்று என்று வருகிறது பதில். ஆகுமான பார்வைதான் என்னை இப்படிக் கிடத்தியது. விலக்கப்பட்டதிலிருந்து என்னைத் தடுத்தது என் தந்தை எனக்கு அறிவித்த ஹதீஸ் என்று சொல்லி, மேலே கண்ட அதே தொடரை உயிர் போகும் நேரத்திலும் பெயர் பெயராக ஒப்பிக்கிறார்.

தொடர் ஒன்றுதான், வாசகம் வேறாக இருக்கிறது. ஸஹ்ராவில் இருக்கும் ஷஹீத் பதவி இங்கே இல்லை. காதல்கொண்டு, மறைத்து, ஒழுக்கம் காத்து, பொறுமையாக இருப்பவரை அல்லாஹ் மன்னித்துச் சொர்க்கத்தில் சேர்ப்பான் என்று இருக்கிறது. இறப்பு நிபந்தனையாக இல்லை; பொறுமை புதிதாகச் சேர்ந்திருக்கிறது; வெகுமதி மன்னிப்பு. அறிவிப்பாளர்கள் வாசகத்தை நினைவிலிருந்து சொல்லும்போது இப்படி மாறுவது வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மாறிய இடம் எது என்று கவனிக்க வேண்டும். ஷஹீத் பதவி என்றால் அந்தக் காதல் ஒரு சோதனை, அதைத் தாங்கியவருக்குப் பதவி. மன்னிப்பு என்றால் அந்தக் காதலிலோ அதைச் சுற்றியோ மன்னிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் உள்ளே வந்துவிடுகிறது. ஒழுக்கம் காத்தவருக்கு எது மன்னிக்கப்படுகிறது? செயல் நடக்கவில்லை. எஞ்சி நிற்பது பார்வையும் விருப்பமும்தான். ஆகுமானது என்று இப்னு தாவூத் ஒரு மூச்சு முன்னால் சொன்ன அதே பார்வை. உரையாடலின் முதல் பாதிக்கும் ஹதீஸின் வாசகத்துக்கும் இடையே இழையோடும் இந்த உரசல் தற்செயலாக இருக்கலாம். நான் அதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்வை ஆகுமா, ஆகாதா என்ற கேள்வி இப்னு தாவூதுக்குப் பின் வந்தவர்களைத் துரத்திய கேள்வி. அதன் நிழல் இந்த வாசகத்திலேயே விழுந்திருக்கிறது.

உரையாடல் அத்தோடு முடியவில்லை. இப்னு தாவூத் சில கவிதை அடிகளைச் சொல்கிறார்; கன்னத்தில் அரும்பும் தாடியைக் குறையாகச் சொல்பவர்களுக்கு அவற்றில் பதில் இருக்கிறது, கண்ணிமையில் உள்ள முடியோடு ஒப்பிட்டு. உடனே நிஃப்தவைஹி பிடித்துக்கொள்கிறார்: ஃபிக்ஹில் கியாஸை மறுக்கும் நீ கவிதையில் மட்டும் அதை நிறுவுகிறாயே? ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சட்டம் காண்பதை ளாஹிரிகள் ஏற்பதில்லை என்பதைச் சுட்டும் கேள்வி இது. காதலின் மேலோங்கல் அப்படிச் செய்யவைத்தது என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவோ மறுநாளோ இறந்துபோகிறார் இப்னு தாவூத். இந்தக் காட்சியை ஆன்மாவின் நாடகமாக வாசிப்பவர்கள் கியாஸ் பற்றிய இந்தக் கேள்வியை என்ன செய்வார்கள்? காதலுக்காக உயிர்விடும் ஒருவரின் கடைசி உரையாடலே சட்ட மூலங்கள் பற்றிய விவாதமாக இருக்கிறது.

இதற்குத் துணையாக இன்னொரு செய்தியும் உண்டு. ஷாஃபிஈ அறிஞர் இப்னு சுரைஜும் (இ. 918) இப்னு தாவூதும் நீதிபதி அபூ உமரின் சபையில் மோதிக்கொண்ட செய்தி அது. இப்னு சுரைஜ் ஸஹ்ராவைச் சொல்லிச் சீண்டுகிறார். அழகின் தோட்டத்தில் கண்களை உலவவிட்டு, விலக்கப்பட்டதிலிருந்து தம்மைத் தடுத்துக்கொள்வதாக இப்னு தாவூத் பெருமையோடு கவிதை சொல்கிறார். இப்னு சுரைஜும் தம் பங்குக்கு, காதலரோடு இரவைக் கழித்தும் களங்கமின்றித் திரும்பியதாகச் சொல்கிறார். இப்னு தாவூத் நீதிபதியை நோக்கித் திரும்புகிறார்: இரவைக் கழித்ததை ஒப்புக்கொண்டுவிட்டார், களங்கமில்லை என்பதற்குச் சாட்சி கொண்டுவரட்டும். நிபந்தனையோடு சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அந்த நிபந்தனையோடு சேர்த்தே ஏற்கப்படும் என்று இப்னு சுரைஜ் விடையளிக்கிறார். அவையோர் ரசித்த வேடிக்கைதான் இது. ஆனால் எதை வைத்து வேடிக்கை செய்கிறார்கள் என்பதில்தான் சான்று இருக்கிறது. ஒப்புதல், சாட்சி, மெய்ப்பிக்கும் பொறுப்பு எல்லாம் வழக்கு மன்றச் சொற்கள். பக்தாதின் இரண்டு பெரிய சட்ட அறிஞர்கள் காதலைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட மொழி அது.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, ஹதீஸில் காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று சொல்லப்படவில்லை. எனவே அதைத் தன்பால் காதலின் வரலாற்றில் சேர்ப்பது மிகை என்பது. வாசகத்தை மட்டும் பார்த்தால் இது சரி. ஆனால் ஹதீஸ் எந்தச் சூழலில் எடுத்தாளப்பட்டது என்பதும் வரலாறுதான். நமக்குத் தெரிந்த அதன் மிகப் புகழ்பெற்ற பயன்பாடு ஓர் ஆண் மற்றோர் ஆணின் மீது கொண்ட காதலைப் பற்றியது. பின்னாளில் மறுத்தவர்களும் அதைத்தான் மனத்தில் வைத்து மறுத்தார்கள். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அக்காலத்து ஆண் காதல் என்பது வயதுவந்தவர் மீசை முளைக்காத இளைஞனை விரும்புவது. சமமான இருவரின் உறவு அன்று. ஆகவே இன்றைய சொற்களை அதன் மீது ஏற்றக் கூடாது என்பது. பொதுவாக இந்த எச்சரிக்கை தேவையானது. அரபு, பாரசீகக் கவிதை பேசும் காதல் பெரும்பாலும் அம்ரத் எனப்படும் இளைஞனைப் பற்றியது. அந்த ஏற்றத்தாழ்வை மறைத்து அதை இன்றைய தன்பாலீர்ப்பாளரின் முன்வரலாறாகக் கொண்டாடுவது பிழை. இப்னு ஜாமிஃ விஷயத்தில் மட்டும் செய்திகள் வேறு திசை காட்டுகின்றன. காதலன் மீது செலவு செய்த காதலிக்கப்பட்டவர் என்று இவர் ஒருவரைத்தான் அறிவோம் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் வியந்து குறித்திருக்கிறார்கள். கொடுப்பவர் காதலன், பெறுபவர் இளைஞன் என்ற வழக்கம் இங்கே தலைகீழாகிறது. இன்னொரு செய்தியில் குளியலறையிலிருந்து வந்த இப்னு ஜாமிஃ கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கிறார், அதைத் துணியால் மூடிக்கொண்டு வாகனமேறி இப்னு தாவூதிடம் வருகிறார். மூடிய முகத்தைக் கண்ட இப்னு தாவூத் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பதற, உனக்கு முன் வேறு யாரும் இதைப் பார்க்க வேண்டாம் என்றே மூடினேன் என்கிறார் இப்னு ஜாமிஃ. இப்னு தாவூத் மயங்கி விழுகிறார். காதலிக்கப்படுபவர் இங்கே வெறும் பொருளாக இல்லை. தாமே முடிவெடுத்துத் தாமே தேடி வருகிறார். இருவரும் சம வயதினர் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. வழக்கமான சட்டகத்துக்குள் இவர்களை அடைக்கவும் முடியாது.

சான்று மெலிந்திருக்கும் ஓர் இடத்தில் ஓர் ஊகத்தை முன்வைக்கிறேன். ஆண்–ஆண் உடலுறவுச் செயலுக்கான தண்டனையில் மத்ஹபுகள் ஒன்றுபடவில்லை என்பது அறிந்ததே: மாலிக் கல்லெறிந்து கொல்லச் சொன்னார், ஷாஃபிஈகள் விபசாரத்தோடு ஒப்பிட்டார்கள், அபூ ஹனீஃபா ஹத் (வரையறுக்கப்பட்ட) தண்டனை இல்லை, நீதிபதியின் விருப்பத் தண்டனையே என்றார். ளாஹிரிகளில் நமக்கு விரிவாகக் கிடைப்பவர் அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (இ. 1064). செயல் பெரும்பாவம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் ஹத் விதிக்கத் திட்டமான வாசகம் இல்லை, கியாஸால் ஹத் உண்டாக்கவும் முடியாது என்று சொல்லிச் சிறிய தண்டனையோடும் சிறையோடும் நிறுத்திக்கொண்டார். விபசாரத்தோடு ஒப்பிடுவதே கியாஸ்தானே. நிஃப்தவைஹியின் கேள்வியை இப்போது மீண்டும் கேட்டுப் பாருங்கள். ஒப்பிடுதலை மறுக்கும் மத்ஹபுக்குப் பாவத்துக்கும் குற்றத்துக்கும் இடையே, உணர்வுக்கும் செயலுக்கும் இடையே கோடு போடுவது எளிது. வாசகம் எதைத் தொட்டதோ அதை மட்டும் தொடும். இப்னு தாவூதும் பிறகு இப்னு ஹஸ்மும் காதலைப் பற்றித் தனி நூலே எழுதியவர்கள் என்பதும், இருவரும் ளாஹிரிகள் என்பதும் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. இப்னு தாவூதுக்கும் இப்னு ஹஸ்முக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இருக்கிறது என்பதையும் மறந்துவிடவில்லை.

ஹதீஸ் அறிஞர்கள் இந்த ஹதீஸை விட்டுவைக்கவில்லை. ஸுவைத் முதுமையில் பார்வை இழந்தார், பிறர் எடுத்துக்கொடுத்ததை ஏற்றுச் சொன்னார் என்று புகாரி குறைகண்டார்; முஸ்லிமோ தம் தொகுப்பில் அவரிடமிருந்து எடுத்திருக்கிறார். இப்னுல் ஜவ்ஸி (இ. 1201) காதலைக் கண்டித்து எழுதிய நூலில் இந்த ஹதீஸின் பல தொடர்களைத் தந்துவிட்டு, பலவீன ஹதீஸ்களைத் திரட்டிய வேறொரு நூலில் அதைத் தள்ளினார். மிகக் கடுமையாகத் தாக்கியவர் திமிஷ்கின் இப்னுல் கய்யிம் (இ. 1350). தொடர் சூரியனைப் போல் தெளிவாக இருந்தாலும் இது பிழையே என்ற அளவுக்குப் போனார். அவர் எழுப்பிய கேள்விதான் நமக்கு முக்கியம்: பிறர் மனைவியையும் அம்ரத் இளைஞர்களையும் விலைமாதரையும் காதலிப்பவர்கள் ஷஹீத்களின் பதவியை அடைவார்களா? இளைஞர்கள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்பட்டே இடம்பெறுகிறார்கள். ஆனால் அதே இப்னுல் கய்யிம், ஒருவர் விரும்பித் தேடாமல் வந்து பற்றிக்கொண்ட காதலுக்காக அவரைப் பழிப்பதில்லை. பழியைக் காதலுக்கு வழிவிட்ட பார்வையின் மேல் வைக்கிறார். அதாவது உணர்வையும் செயலையும் பிரிக்கும் கோட்டை எதிரியும் அழிக்கவில்லை. அதைப் பார்வைக்கு முன்னால் நகர்த்தினார். இந்த நகர்த்தல்தான் இந்த வரலாற்றின் நடுத்தண்டு. மறுபக்கத்தில் கெய்ரோவில் முகல்தாய் (இ. 1361) இந்த ஹதீஸை ஆதரித்துக் காதலால் ஷஹீதானவர்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார், அன்னை ஆயிஷாவைப் பற்றி அதில் இருந்த ஓர் இடத்துக்காகச் சிறைக்கும் போனார்.

ஷாஃபிஈ மத்ஹபில் இந்தக் கோட்டின் அசைவை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். ராஃபிஈயின் முஹர்ரரைச் சுருக்கி நவவி (இ. 1277) எழுதிய மின்ஹாஜில், அம்ரத் இளைஞனை இச்சையோடு பார்ப்பது ஹராம் என்று மூலம் சொல்கிறது. அதை அடுத்து நவவி தம் குரலில், இச்சையின்றிப் பார்ப்பதும் அவ்வாறே என்று சேர்க்கிறார். இப்னு தாவூத் ஆகுமானது என்ற பார்வை இங்கே இரண்டு படிகளில் மூடப்படுகிறது. ஆனால் பிற்கால ஷாஃபிஈகளில் பலர் நவவியின் இரண்டாம் படியை ஏற்கவில்லை. அது மட்டுமன்று, ஷஹீத்களின் வகைகளைப் பட்டியலிடும்போது காதலால் இறந்தவரை ஒழுக்கம், மறைத்தல் என்ற இரு நிபந்தனைகளோடு அவர்கள் தொடர்ந்து சேர்த்தே வந்தார்கள். அங்கேயும் பிளவு வந்தது. மணக்கக்கூடிய பெண்ணாக, ஆனால் அடைய முடியாதவளாக இருந்தால்தான் பொருந்தும், இளைஞன் மீதான காதலே பாவம், பாவத்தால் பதவி எப்படிக் கிடைக்கும் என்றது ஒரு தரப்பு. காதல் தன் வசத்தில் இல்லாதபோது யார் மீது என்பது பொருட்டல்ல என்றது மறுதரப்பு. காலித் எல்-ருவைஹிப் 2005இல் வெளியிட்ட நூல், உதுமானிய காலத்து அரபுலகில் இந்தப் பிரிப்பு எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதைக் காட்டியிருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மலபாரிலும் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்பட்டு வருவதும் இந்த ஷாஃபிஈ மத்ஹபுதான். மின்ஹாஜுக்கு உரையெழுதிய இப்னு ஹஜர் அல்ஹைதமியின் மாணவர்தான் பொன்னானியின் ஸைனுத்தீன். அவர் எழுதிய ஃபத்ஹுல் முயீன் நம் கடற்கரை மதரஸாக்களின் பாடநூல். அறிவு வழியில் இந்தச் சச்சரவு நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

இந்த வாதத்தில் தீராமல் நிற்பது காலவரிசை. ஸஹ்ராவைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியதாகவும் தந்தை அதில் பெரும்பகுதியைப் பார்த்ததாகவும் இப்னு தாவூத் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. தந்தை 884இல் இறந்தபோது மகனுக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். செய்தியை நம்பினால் ஷஹீத் வாசகம் இளமைக்கும் மன்னிப்பு வாசகம் கடைசி நாளுக்கும் உரியவை. வயதோடு அவர் பார்வை இறுகியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மரணப்படுக்கைச் செய்தி எழுத்தில் நமக்குக் கிடைப்பது கதீபின் காலத்தில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து. வாசகத்தை மாற்றியவர் இப்னு தாவூதா, நிஃப்தவைஹியா, இடையில் வந்தவர்களா என்பது திறந்தே இருக்கிறது. இன்னொரு முனையும் உண்டு. தம்மிடம் குதிரையும் ஈட்டியும் இருந்தால் ஸுவைத் மீது போர் தொடுப்பேன் என்று யஹ்யா இப்னு மயீன் இந்த ஹதீஸைக் கேட்டுச் சொன்னதாக ஹாகிம் (இ. 1014) குறிக்கிறார். யஹ்யா இறந்தது 847இல். அந்தக் கோபம் உண்மையிலேயே இந்த ஹதீஸைப் பற்றியதென்றால், இப்னு தாவூத் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது பக்தாதில் சுற்றியிருக்கிறது. அவர் அதை உண்டாக்கவில்லை, தமக்காக எடுத்துக்கொண்டார் என்றாகும். யஹ்யாவின் காதில் விழுந்தது எந்த வாசகம் என்பதை ஹாகிமின் குறிப்பைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.